காசுக்கடைக்காரர் சொல்லாமல் விடுவது

வத்தலக்குண்டிலிருந்தோ நிலக்கோட்டையிலிருந்தோ ஒரு பெரியவர், வீட்டு மரப்பெட்டியில் கிடந்த பத்து வெள்ளி ரூபாயைத் துணியில் முடிந்துகொண்டு திண்டுக்கல் டவுனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஏறுவது நகைக்கடையாக இருக்கலாம், அடகுக்கடையாக இருக்கலாம், பழைய காசு வாங்கி விற்பவரின் வீட்டு முன்னறையாகவும் இருக்கலாம். முடிச்சு அவிழ்கிறது. கடைக்காரர் காசுகளை விரலால் பரப்பி ஒரு பார்வை பார்க்கிறார்.

“தேஞ்ச காசுங்க ஐயா. எல்லாம் எடைக்குத்தான் போகும். பத்துக்கும் சேர்த்து ஒரே ரேட்டாப் போட்டுத் தர்றேன்.”

“பாத்துப் போட்டுக் குடு தம்பி. எங்கம்மா வெச்சிருந்த காசு.”

பணம் கைமாறுகிறது, பெரியவர் பஸ் ஏறிவிடுகிறார். இந்த வியாபாரம் நியாயமாக நடந்ததா என்பதைக் காசுகளில் அச்சாகியிருக்கும் ஆண்டுகளே சொல்லிவிடும். 1835 முதல் 1939 வரை அச்சான பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம் எடை, அதில் 91.7 சதவீதம் வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1940 முதல் 1945 வரை அதே எடையில் பாதி மட்டுமே வெள்ளி போட்டார்கள். 1947ஆம் ஆண்டு ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல்தான். ஆக, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பத்து ரூபாய்க்கு மூன்று விதமான விலை உண்டு.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று கொள்வோம். பெரியவரின் முடிச்சில் விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ரூபாய் ஆறு, 1944-45 ரூபாய் மூன்று, 1947 நிக்கல் ரூபாய் ஒன்று இருந்தால், தேய்மானம் பார்க்காமல் வெள்ளி மட்டுமே சுமார் 8,160 ரூபாய் பெறும். கடைக்காரர் நிக்கலை ஒதுக்கிவிட்டு, மற்ற ஒன்பதையும் பாதி வெள்ளிக் காசு என்று கணக்குப் போட்டால் கைக்கு வருவது சுமார் 5,250. ஏறத்தாழ 2,900 ரூபாய் ஒரே பேச்சில் காணாமல் போய்விடுகிறது. அந்த ஆறில் ஒன்று 1911ஆம் ஆண்டு ரூபாயாக இருந்துவிட்டால் இழப்பு இன்னும் பெரிது. ஐந்தாம் ஜார்ஜின் மேலங்கியில் பொறித்த யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அந்த ஆண்டுக் காசின் பெரும்பகுதியை அரசே திரும்பப் பெற்றது. ‘பன்றி ரூபாய்’ என்று சேகரிப்பாளர்கள் தேடுவது அதைத்தான். அதை எடைக்கு வாங்கினால், விஷயம் தெரியாதவரின் பணத்தை எடுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

வியாபாரிக்கு லாபமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய காசு அரிசி பருப்பு போல அன்றாடம் விற்றுப்போகும் சரக்கு இல்லை. வாங்கிய காசு ஆறு மாதமோ இரண்டு வருடமோ ஆல்பத்திலேயே கிடக்கும். மதுரை, திருச்சி, கோவை, சென்னை என்று கண்காட்சிக்குக் கண்காட்சி தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மேஜை வாடகை, பஸ் செலவு, ரூம் செலவு எல்லாம் அந்தக் காசிலிருந்தே வர வேண்டும். போலி ஒன்று கலந்து வந்துவிட்டால் நஷ்டம் அவருடையது. பத்து ரூபாய்க்கு வாங்கிய சாதாரண செப்புக் காசை இருபதுக்கு விற்றால் சதவீதக் கணக்கில் அது நூறு. ஆனால் அந்தப் பத்து ரூபாயில் அவர் பிழைப்பு நடக்காது. விலை உயர்ந்த, எல்லாரும் தேடுகிற காசுக்கு இந்த வித்தியாசம் சதவீதத்தில் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அது சீக்கிரம் கைமாறும். சில்லறைக் காசைப் பாதி விலைக்குக் கேட்கிறவரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுவது அநியாயம். தன் கையில் இருப்பது என்ன என்று பெரியவருக்குச் சொன்னாரா என்று மட்டும் கேட்க வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் விற்க வருபவருக்கு அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எதிராளியின் முடிவை மாற்றக்கூடிய ஒரு சங்கதியைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது. விதிவிலக்கு இரண்டு: சொல்லியே தீர வேண்டிய கடமை இருந்தால், அல்லது மௌனமே பேச்சுக்குச் சமமாக இருந்தால். இதற்குச் சட்டமே ஒரு குதிரை வியாபாரத்தை உதாரணம் காட்டுகிறது. “குதிரையில் குறை இருக்கிறது என்று நீங்கள் சொல்லாவிட்டால், நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்” என்று வாங்குபவர் கேட்டபிறகும் விற்பவர் பேசாமல் நின்றால், அந்த மௌனம் பேச்சாகவே கணக்கில் வரும்.

காசு விற்கப் போகிறவர் இந்த உதாரணத்தை அப்படியே கையில் எடுத்துக்கொள்ளலாம். “இதுல எடை விலைக்கு மேல போற காசு ஏதாச்சும் இருக்கா? இருந்தா சொல்லுங்க. சொல்லலேன்னா எதுவும் இல்லேன்னு எடுத்துக்கிறேன்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி அதே கேள்வியை எழுத்தில் கேட்பது இன்னும் மேல். கேட்டபிறகு பொய் சொன்னால் அது வெறும் மௌனம் இல்லை. நடைமுறையில் இதைவிடப் பெரிய பலன் ஒன்றும் உண்டு: கேட்கத் தெரிந்தவர் என்று புரிந்ததுமே பல கடைக்காரர்கள் லென்ஸை எடுத்து ஒவ்வொரு காசாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து தரம். வியாபாரத்தில் புழங்கும் சொற்கள் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரா ஃபைன்), யூஎன்சி (புழக்கத்தில் தேயாதது) என்று தேய்மானம் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். ஒரு படி ஏறினால் விலை இரட்டிப்பாவதும் உண்டு. ஒரே காசு வாங்கும் மேஜையில் ‘ஃபைன்’ ஆகவும், மறுவாரம் விற்கும் மேஜையில் ‘எக்ஸ்எஃப்’ ஆகவும் மாறிவிடுவது இந்தத் தொழிலின் மிகப் பழைய நோய். இதைத் தடுக்கத்தான் அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற தரம்பிரிக்கும் நிறுவனங்கள் வந்தன. ஷெல்டன் என்பவர் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் காசுக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடித் தருகிறார்கள். சில நூறு ரூபாய்க் காசுக்கு அந்தச் செலவு கட்டுப்படி ஆகாது. திண்டுக்கல்லில் இருக்கும் சேகரிப்பாளருக்குப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸும், 0.01 கிராம் காட்டும் சிறு தராசும் போதும்.

லென்ஸ் வழியே எதைப் பார்ப்பது? ஒரு விக்டோரியா ரூபாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்க வேண்டும். தேயாத, கழுவாத வெள்ளியில் ஒளி ஒரு மெல்லிய வட்டமாக முகத்தைச் சுற்றி ஓடும். பாத்திரம் விளக்கும் பொடியோ புளியோ போட்டுத் தேய்த்த காசில் அந்த ஓட்டம் இருக்காது. ஒரே திசையில் முடிபோன்ற கீறல்கள் நிறையத் தெரியும், எழுத்துகளின் மூலையில் மட்டும் பழைய கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பளபளப்பைக் காட்டி அதை ‘யூஎன்சி’ என்று விற்பவரிடம் வாங்கக் கூடாது. அதே கீறலைக் காட்டி விலையைக் குறைப்பவர் சொல்வது உண்மை. அதற்குக் கோபப்படவும் கூடாது. வீட்டில் பழைய காசு இருந்தால் விளக்கி எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பதே பெரிய லாபம்.

ஆண்டையும் லென்ஸில் பார்க்க வேண்டும். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அரிது. 1938 ரூபாய் அப்படி இல்லை. 8 என்ற இலக்கத்தின் கீழ் வளையத்தைச் சுரண்டினால் 9 ஆகிவிடும். சுரண்டிய இடத்தில் காசின் தரை சற்றுக் குழிந்தும் சொரசொரப்பாகவும் இருக்கும்.

திண்டுக்கல்காரர்களுக்கே உரிய ஒரு தூண்டில் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1755இல் ஹைதர் அலி இங்கே ஃபௌஜ்தாராக வந்தார். மலைக்கோட்டை அதன்பின் பல்லாண்டுகள் மைசூரின் கையில் இருந்தது. 1792 உடன்படிக்கையில் ஆங்கிலேயரிடம் போனது. அதனால் யானை பொறித்த மைசூர்ச் செப்புக் காசு என்றாலே இந்த ஊர்ச் சேகரிப்பாளருக்கு ஒரு பாசம். திப்புவின் காசுகளில் ‘காலிகாபாத்’ என்ற அச்சகப் பெயர் தென்படுவது உண்டு. அது திண்டுக்கல்லுக்குத் திப்பு வைத்த பெயர் என்று ஒரு சாராரும், ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டிய சந்தகல் என்ற இடம் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. “நம்ம ஊர்க் கோட்டையில அடிச்ச காசு சார்” என்று ஒரு வியாபாரி விலையை ஏற்றினால், இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அச்சகப் பெயர் பாரசீக எழுத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். அது திண்டுக்கல்தான் என்பதில் கருத்து வேறுபாடு இருப்பது உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே, மேஜையில் கிடப்பது ஸ்ரீரங்கப்பட்டணத்திலோ நகர் என்ற ஊரிலோ அடித்த சாதாரணக் காசு என்று வெளிச்சமாகிவிடும். திப்பு புகுத்திய மௌலூதி ஆண்டுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டால், ஆண்டைத் தவறாகச் சொல்லி விற்பவரையும் அடையாளம் காணலாம். கருத்து வேறுபாட்டையும் சேர்த்தே சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுக்கிற வியாபாரியும் உண்டு. அவரை விட்டுவிடக் கூடாது.

பழமை என்பது வேறு, அருமை என்பது வேறு. ஆயிரம் ஆண்டு வயதான ராஜராஜன் செப்புக் காசு இன்றும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஏனென்றால் அவ்வளவு ஏராளமாகப் புழங்கியது. 1808ஆம் ஆண்டு பத்து காசு செப்பு நாணயத்தின் கதை இதைவிட ருசியானது. அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். இருநூறு வருஷக் காசு, கிடைக்கவே கிடைக்காது என்று ஒருவர் அதைத் தூக்கிக் காட்டினால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ ஒரு பக்கம், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ 1616, 1717, 1818 என்று மறுபக்கம் போட்ட செப்புத் தட்டுகளும் தாராளமாகச் சுற்றுகின்றன. இப்படி ஒரு காசைக் கம்பெனி ஒருநாளும் அடிக்கவில்லை. அத்தனையும் பிற்காலத்தில் பக்திக்கும் வியாபாரத்துக்குமாகச் செய்தவை. இந்தக் காசை ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்பவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம். அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று பேச்செடுப்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிட வேண்டும். ‘ரைஸ் புல்லிங்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பை அந்தக் கூட்டம் விழுங்கியிருக்கிறது.

திண்டுக்கல் வட்டாரத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு: மண்ணிலிருந்து கிடைக்கும் காசு. பழனியை ஒட்டிய கலையம்புத்தூரில் 1856இல் ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தது பழைய பட்டியல்களில் பதிவாகியிருக்கிறது. வடக்கே கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை சேரர் காசுகளையும் ரோமானியக் காசுகளையும் தந்துகொண்டே இருந்தது. சங்ககாலக் காசுகளைப் பற்றி நாம் இன்று அறிந்ததில் பெரும்பங்கு அப்படி வெளிவந்த காசுகளால் கிடைத்தது. பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை அறிவுலகுக்குத் தந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் “போன வாரம் வயல்ல கிடைச்சது” என்று ஒருவர் காசை நீட்டினால் வாங்கக் கூடாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் சிறை வரை போகும்.

அந்தச் சட்டமே கண்டெடுத்தவருக்கு நியாயமாக நடக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். புதையலை அரசு எடுத்துக்கொள்ளும்போது உலோகத்தின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்கிறது. அகஸ்டஸ் காலத்துத் தங்கக் காசு எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட ஒரு பவுன் விலைக்கு மேல் இருபது சதவீதம் என்றால், அதன் சரித்திர மதிப்புக்கு ஒரு பைசாவும் இல்லை. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அருங்காட்சியகம் சந்தை விலையையே வெகுமதியாகத் தருகிறது. அதனால் கண்டெடுத்தவர்கள் தாமாகவே கொண்டுவந்து காட்டுகிறார்கள். நம் ஊரில் கண்டெடுத்தவர் ஆட்சியரைத் தேடிப் போகாமல் ஆசாரியின் உருக்குக்குகையைத் தேடிப் போனால், அந்தக் கணக்குக்கும் அதில் பங்கு உண்டு. சட்டம் மாற வேண்டும். மாறும்வரை அதை மீறி வாங்கிய காசு சேகரிப்பில் இருப்பது ஆபத்து.

நூறு ஆண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தொழிலாக விற்பவர் இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வைத்திருக்க வேண்டும்; தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. “சிங்கப்பூர்ல ஒரு பார்ட்டி இருக்கு, அஞ்சு மடங்கு குடுப்பாரு” என்ற பேச்சு காதில் விழுந்தால் இது நினைவில் இருக்கட்டும்.

நியாயம் ஒருவழிப் பாதை இல்லை. பாத்திரக்கடையில் பழைய பித்தளையோடு கிலோ கணக்கில் கிடக்கும் செப்பில் ஒரு நல்ல காசைப் பார்த்துவிட்டு, மூச்சுவிடாமல் எடைக்கு வாங்கி வரும் சேகரிப்பாளர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கடைக்காரருக்கு அது தொழில், தெரிந்துகொள்ள வேண்டியது அவர் பொறுப்பு என்று வாதாடலாம். ஆனால் ஒரு கிழவியின் சுருக்குப்பையிலிருந்து அதே காசை அதே மௌனத்தோடு வாங்கினால், திண்டுக்கல்லுக்கு வந்த பெரியவரிடம் கடைக்காரர் செய்ததற்கும் இதற்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. தெரிந்தவர், தெரியாதவரிடம் வாங்கும்போது வாயைத் திறக்க வேண்டும். இந்த விதி மேஜையின் இரண்டு பக்கமும் பொருந்தும்.

ஒரு வியாபாரியை எடைபோட நல்ல வழி, வாங்கும்போதே விற்கும் விலையைக் கேட்பது. “இதை இன்னிக்கு ரெண்டாயிரத்துக்குத் தர்றீங்க. ஒரு வருஷம் கழிச்சு நானே கொண்டுவந்தா எவ்வளவுக்கு எடுத்துக்குவீங்க?” நேர்மையானவர் தயங்காமல் ஒரு தொகை சொல்வார், அது 1,200 என்றாலும் தப்பில்லை, காரணம் சொல்வார். “காசு விலை ஏறிட்டேதானே சார் இருக்கும்” என்று மழுப்புபவர் பதில் சொல்லிவிட்டார் என்றே கொள்ளலாம். தான் விற்ற காசைத் தானே ‘சாதாக் காசு’ என்று திருப்பித் தள்ளுபவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை.

மொத்தமாக விற்கும்போது, நல்ல காசுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட அனுமதிக்கக் கூடாது. ஐந்து நல்ல காசுகளின் விலைதான் மற்ற ஐந்நூறையும் சுமக்கும். விற்கும் முன் குறைந்தது இரண்டு ஊர்களில் விலை கேட்பது அவசியம். திண்டுக்கல்லிலிருந்து மதுரையும் திருச்சியும் கரூரும் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். மதுரை காந்தி மியூசிய வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும் பழனி அரசு அருங்காட்சியகத்தையும் போய்ப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். அங்கே காசுக்கு விலை சொல்ல மாட்டார்கள். இன்றைய விலை அறிய, மும்பை டோடிவாலா, பெங்களூர் மருதர் போன்ற ஏல நிறுவனங்கள் வெளியிடும் விற்பனை முடிவுகளைப் பார்க்க வேண்டும். ஏலத்தில் போன விலையில் நிறுவனத்தின் கமிஷனும் அடங்கியிருக்கலாம் என்பதால் அதைக் கழித்துப் பார்க்கவும்.

மிகப் பெரிய அநியாயம் நடப்பது சேகரிப்பாளர் காலமானபிறகு. முப்பது வருடம் சேர்த்த ஆல்பங்களை மனைவியோ மகனோ முதல் வாரமே யாரிடமோ மொத்தமாகக் கொடுத்துவிடுகிறார்கள். சேகரிப்பாளர் உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டில் ஒவ்வொரு காசுக்கும் பெயர், எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை, விற்றால் எவ்வளவு போகும் என்று எழுதிவைக்க வேண்டும். அவசரப்பட வேண்டாம் என்பதையும், நம்பகமான இரண்டு பேர் யார் என்பதையும் அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

போனில் வரும் வலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வைஷ்ணவி தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், 786 நோட்டுக்கு ஐந்து லட்சம் என்று விளம்பரம் வரும். கூப்பிட்டால் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, பரிவர்த்தனைக் கட்டணம் என்று தவணை தவணையாகக் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் இழுப்பார்கள். இத்தகைய வியாபாரத்தில் தங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கடையில் வாங்கியது போலி என்று தெரிந்தால் வழி இருக்கிறது, பில் இருந்தால். பில்லில் ‘வெள்ளிக் காசு 1’ என்று இருந்தால் பிரயோஜனமில்லை. ஆண்டு, அச்சகம், எடை, தரம், ‘அசல்’ என்ற சொல், திருப்பித் தரும் கெடு எல்லாம் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மனுவோடு பில், காசின் இரு பக்கப் படமும் விளிம்புப் படமும், தராசில் எடை காட்டும் படம், கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சு ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைக்க வேண்டும். காசை மட்டும், தீர்ப்பு வரும்வரை, கழுவாமல் கவரிலேயே வைத்திருக்கவும்.